அர்த்தம் என்றால் பாதி

"பாம்புக்குக் கை ஏதம்மா?"

இப்படிக் கேட்டவர் எங்கள் பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற சமஸ்கிருத ஆசிரியர். 2012-ஆம் ஆண்டு அது. நான் யோகா வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இடுப்பு வலிக்காகப் போய்ச் சேர்ந்தவள், போதாக்குறைக்கு மணிக்கட்டு வலியையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். மருந்துக் கடை வாசலில், மணிக்கட்டில் துணி சுற்றி நின்ற என்னைப் பார்த்து விசாரித்தார். புஜங்காசனம் செய்யும்போது வலிக்கிறது என்றேன். எப்படிச் செய்கிறீர்கள் என்றார்.

"புஜத்துக்கான ஆசனம்தானே ஐயா? கையை நன்றாக ஊன்றி, முழங்கை நிமிரும் வரை உடம்பை மேலே தள்ளுகிறேன்."

அதற்குத்தான் அந்தக் கேள்வி.

புஜம் என்றால் தோள், கை என்று நமக்குத் தெரியும். ஆனால் புஜங்கம் என்பது பாம்பு. சமஸ்கிருதத்தில் புஜ என்ற சொல்லுக்கு வளைவு என்றும் பொருள் உண்டு. வளைந்து வளைந்து போவது புஜங்கம். "மாணிக்கவாசகர் சிவனைப் புயங்கப் பெருமான் என்று பாடுகிறாரே, அந்தப் புயங்கம்தான் இது" என்றார் அவர். திருவாசகத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லையும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தேன். உள்ளங்கைகள் தரையில் இருந்தன, ஆனால் அவற்றின் மேல் பாரம் இல்லை. பாம்பு எப்படித் தலை தூக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு, முதுகின் பலத்தால் மார்பை உயர்த்தினேன். ஒரு சாண் உயரம்கூட வரவில்லை. ஆனால் இடுப்புக்கு மேலே இதுவரை வேலையே செய்யாத தசைகள் விழித்துக்கொண்டது தெரிந்தது. கேரண்ட சம்ஹிதை என்ற பழைய யோக நூல், கால் விரலிலிருந்து தொப்புள் வரை தரையில் படிந்திருக்க, தலையைப் பாம்புபோல் உயர்த்த வேண்டும் என்றுதான் சொல்கிறது. தொப்புள் தரையை விட்டுக் கிளம்பும் அளவுக்கு நான் இத்தனை மாதமாகக் கையால் தள்ளியிருக்கிறேன். மூன்று வாரத்தில் மணிக்கட்டு வலி போய்விட்டது. இடுப்பு வலி குறையத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அக்கறையுள்ளவர்தான். ஆனால் அவர் ஆசனத்தின் பெயரைச் சொல்வார், செய்து காட்டுவார், எண்ணுவார். பெயர் என்ன சொல்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஜப்பானியச் சொல்லைக் கேட்டால் உடனே பொருள் கேட்போம். இந்தப் பெயர்கள் நம் காதுக்குப் பழகியவை. புஜம், பாதம், மூலம், நாடி, சந்தோஷம், சமாதி என்று எல்லாம் நம் வீட்டுச் சொற்களாகவே தோன்றுகின்றன. பழக்கம்தான் இங்கே ஏமாற்றுகிறது. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். வாரம் ஒரு மாலை அந்த ஐயா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, நான்கைந்து பெயர்களுக்குப் பொருள் கேட்டு எழுதிக்கொள்வேன். அவர் மறையும் வரை, ஐந்து ஆண்டுகள் அது நடந்தது.

முதல் வாரங்களில் அவர் எனக்குத் தெளிவாக்கியது ஒன்று. சமஸ்கிருதத்தில் பகரத்துக்கு மட்டும் நான்கு எழுத்துகள். ககரத்துக்கும் தகரத்துக்கும் அப்படியே. தமிழுக்கு ஒன்றே போதும்; நம் சொற்களுக்கு அது குறைவே இல்லை. ஆனால் வேற்றுமொழிச் சொல்லை நாம் எழுதும்போது இரண்டு வேறு சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்கும். அர்த்த மத்ஸ்யேந்திராசனம் என்று நான் எழுதியிருந்ததைக் காட்டி, "இதில் அர்த்த என்றால் என்ன?" என்றார். பொருள் என்றேன். "அர்த்தநாரீசுவரர் என்கிறோமே, அதில்?" என்றார். பாதி. பொருளைக் குறிக்கும் சொல்லில் வருவது ஒரு தகரம், பாதியைக் குறிக்கும் சொல்லில் வருவது வேறொன்று. தமிழில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மத்ஸ்யேந்திரர் என்ற யோகியின் பெயரில் உள்ள முழு முறுக்கு ஆசனத்தின் பாதி அளவு அது. பாதி என்று தெரிந்தபின் அதை முழுதாக முறுக்கித் தீர்க்க வேண்டும் என்ற பிடிவாதம் என்னை விட்டுப் போனது.

2016-இல் நானே எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வகுப்பு தொடங்கினேன். மதுரையில் விடிகாலைக் காற்று கிடைக்கும் இடம் மொட்டைமாடிதான். பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த பெண்கள், இரண்டு மூன்று ஆண்கள். கற்றுக்கொண்ட பெயர்களைக் கரும்பலகையில் அழகாக எழுதிப் போடுவேன்.

இரண்டாவது மாதம், பின்வரிசையில் புதிதாகச் சேர்ந்த ஓர் அக்கா அதோமுக ஸ்வானாசனத்தில் இடுப்பை உயர்த்திக் கைகால் ஊன்றி நிற்கிறார், ஆனால் கழுத்தை மட்டும் நிமிர்த்தித் தூரத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது. கீழே விடுங்கள் என்றால் விடுகிறார், அடுத்த மூச்சில் மறுபடி நிமிர்கிறார். பிறகு கேட்டபோது, "நீங்கள்தானே டீச்சர் அதோ, முகம் என்றீர்கள்" என்றார். அதோ என்றால் தமிழில் தூரத்தில் உள்ளதைச் சுட்டுவது. அவர் காது கேட்டதைத்தான் உடம்பு செய்திருக்கிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை.

அவரிடம் நான் சமஸ்கிருதம் பேசவில்லை. முருகன் பிறந்த கதையைக் கேட்டேன். சிவனுக்கு ஐந்து முகங்கள். ஆறாவதாக ஒரு முகமும் சேர, ஆறு நெற்றிக் கண்களிலிருந்தும் பொறி கிளம்பியது. அந்த ஆறாவது முகத்தின் பெயர் என்ன? "அதோமுகம்" என்று உடனே சொன்னார். கந்தபுராணப் பிரசங்கம் கேட்டவர். கீழ்நோக்கிய முகம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மறுநாள் அவர் தலை இரண்டு கைகளுக்கு நடுவே தளர்ந்து தொங்கியது. நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தச் சொற்களில் பல ஏற்கெனவே நம் கோயிலிலும் கதையிலும் இருக்கின்றன. சேதுபந்தாசனத்துக்குப் பாலம் என்று விளக்குவதற்கு முன் இராமேசுவரத்தைச் சொன்னால் போதும். விருட்சாசனத்துக்குத் தல விருட்சம் இருக்கிறது. கோமுகாசனத்துக்கு, கருவறை அபிஷேக நீர் வெளியே வரும் கோமுகி இருக்கிறது. அகராதியைப் புரட்டும் முன் மாணவர் மனத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே எங்கே குடியிருக்கிறது என்று தேட வேண்டும்.

ஆனால் எல்லாத் தவறும் இப்படிச் சிரித்துக் கடந்துபோகும் தவறாக இருக்கவில்லை.

வகுப்பில் ஒரு பெரியவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர், ஒற்றைத் தலைவலியும் உண்டு. நான் கற்றுத் தரப்போகும் பயிற்சிகளின் பட்டியலைப் பலகையில் எழுதியிருந்தேன். அதில் கபாலபாதி என்று இருந்தது. கபாலம் மண்டை ஓடு என்று அவருக்குத் தெரியும். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் தெரியாதவர் யார்? பாதி என்பது தமிழ். பாதி மண்டைக்கு, அதாவது ஒற்றைத் தலைவலிக்கான மூச்சுப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டார். நான் கற்றுக்கொடுக்கும் நாளுக்குக் காத்திருக்காமல், எங்கோ பார்த்ததை வைத்து வீட்டில் தினமும் காலையில் நூறு முறை வேகமாக மூச்சை வெளியே தள்ளத் தொடங்கிவிட்டார். பத்தாம் நாள் மாடிப்படியில் தலை சுற்றி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. இதை உடனே நிறுத்துங்கள் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார்.

பலகையில் இருந்தது என் கையெழுத்து. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

அந்தச் சொல்லில் வரும் பாதி வேறு. அடிவயிற்றிலிருந்து எழும் நான்காம் பகரம் அது. ஒளிர்கிறது என்று பொருள். கபாலத்தை ஒளிரச் செய்வது. ஹடயோகப் பிரதீபிகை என்ற இன்னொரு பழைய யோக நூல் இதை மூச்சுப் பயிற்சிகளோடு சேர்க்காமல், உடலைச் சுத்தம் செய்யும் ஆறு கிரியைகளில் ஒன்றாக வைக்கிறது. கொல்லன் துருத்திபோல் மூச்சை விட்டு வாங்குவது, கபத்தை வற்றச் செய்வது என்று அதற்கு இலக்கணம் சொல்கிறது. சுத்திகரிப்பு என்றால் தேவைப்படுபவருக்கு, தேவைப்படும்போது. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யக் கூடாது. இவ்வளவையும் அந்தப் பெயரை எழுதிய அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது பலகையில் பெயரை வெறுமனே எழுதுவதில்லை. பழைய சுலோகப் புத்தகங்களில் க, ச, ட, த, ப எழுத்துகளின் தலையில் 2, 3, 4 என்று சின்ன எண் போட்டு அச்சிட்டிருப்பார்கள். சிறுவயதில் அந்த எண்களை அச்சுப்பிழை என்று நினைத்திருக்கிறேன். அதே முறையில் நானும் எண் போடுகிறேன். பக்கத்தில் பொருளைத் தமிழில் எழுதுகிறேன். அதற்கும் கீழே, யார் செய்யக் கூடாது என்று எழுதுகிறேன். நீங்கள் ஒரு வகுப்பில் சேர்ந்தால், பெயரை எழுதிக்கொள்ளும்போதே ஆசிரியரை ஒருமுறை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கண் பார்ப்பதைவிடக் காது இந்த விஷயத்தில் நம்பகமானது.

காதும் சில சமயம் கைவிடும். நாடி சுத்தி என்ற மூச்சுப் பயிற்சியைச் சொன்னதும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருவர் முகவாயை வட்டமாகச் சுற்றத் தொடங்கினார். அவர் ஊரில் நாடி என்றால் முகவாய். பேச்சில் சுற்றி என்பது சுத்தி. எத்தனை பொருத்தம்! மூலபந்தம் என்றதும் மூல நோய்க்கு நல்லதா என்று தனியே வந்து கேட்டவர்கள் பலர். அங்கே மூலம் அடிப்பகுதி, வேர். சுவரில் கால்களைச் சாய்த்துப் படுக்கும் விபரீத கரணியை விரும்பாத ஒரு பாட்டியிடம், விபரீதம் என்றால் இங்கே தலைகீழ் என்று மட்டும்தான் பொருள், கெடுதல் அன்று என்று சொன்ன பிறகுதான் அவர் காலைத் தூக்கினார்.

பஸ்சிமோத்தானாசனத்துக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது. எல்லோரும் கால் கட்டைவிரலைப் பிடிப்பதுதான் குறிக்கோள் என்று நினைத்து முதுகைக் கூன் போட்டு எட்டுகிறார்கள். பெயரில் கட்டைவிரலே இல்லை. பஸ்சிமம் என்றால் மேற்கு. கிழக்கு நோக்கி உட்கார்ந்தவனுக்கு முதுகுப் பக்கம் மேற்கு. அதே கணக்கில்தான் தட்சிணம் தெற்கும் ஆகிறது, வலப்பக்கமும் ஆகிறது. பிரதட்சிணம் என்பது வலமாகச் சுற்றுவது. ஆக, உடம்பின் மேற்குப் பக்கம் முழுவதும், குதிகாலிலிருந்து தலை வரை நீள்வதுதான் இந்த ஆசனம். முட்டியை லேசாக மடக்கிக்கொண்டு, கை முழங்காலோடு நின்றாலும் சரி, பின்பக்கம் நீள்கிறதா என்று பாருங்கள். என் மாணவிகளைக் கிழக்கு நோக்கி உட்காரவைத்து, "மேற்கை நீட்டுங்கள்" என்றுதான் சொல்கிறேன். மாடியில் அந்த நேரம் சூரியன் முகத்தில் அடிப்பதால் யாருக்கும் திசை குழம்புவதில்லை.

மூச்சுக்கு வருவோம். பிராணயாமம் என்று பலர் எழுதுகிறார்கள். பிராணாயாமம் என்று நடுவில் நெடில் வேண்டும். ஒரு கால் போனால் என்ன என்று தோன்றலாம். ஆயாமம் என்பதற்கு நீட்டுதல் என்பது பொருள், கட்டுக்குள் வைத்தல் என்றும் சொல்வார்கள். நெடிலை விட்டால் யமம் என்ற அடக்குதல் மட்டும்தான் மிஞ்சுகிறது. அப்படி எழுதுபவர்கள் மூச்சை இறுக்கிப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். திருமூலர் பூரகம், கும்பகம், இரேசகம் என்று மூன்றையும் தமிழாக்கி, பதினாறு, அறுபத்து நான்கு, முப்பத்திரண்டு என்று கணக்கும் தருகிறார். மாத்திரை என்பது இங்கே கால அளவு. அறுபத்து நான்கு மாத்திரை மூச்சை அடக்குவது குருவின் எதிரில் பல ஆண்டு பழகியவர்களுக்கு. தனியாக முயல வேண்டாம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். தொடக்கக்காரருக்கு அந்தச் சொற்களே போதிய வழிகாட்டி. பூரகம் நிரப்புவது. கும்பகம் கும்பத்திலிருந்து வந்தது. குடத்தில் நிரம்பிய நீர் சும்மா இருக்கும், குடத்தை முட்டாது. தொண்டையும் முகமும் இறுகினால் அது குடம் இல்லை. இரேசகம் காலி செய்வது. சித்த மருத்துவர் பேதிக்குத் தரும் விரேசனத்தில் இருக்கும் அதே சொல். வெளியே போக வேண்டியது முழுதும் போனால்தான் உள்ளே வர இடம்.

பயிற்சியைத் தாண்டிய சொற்களில் என்னை அதிகம் குழப்பியது விருத்தி. சித்த விருத்தி நிரோதமே யோகம் என்பது யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியின் இரண்டாவது சூத்திரம். குலவிருத்தி, தொழில் விருத்தி என்று கேட்டுப் பழகிய எனக்கு, மனம் வளர்வதைத் தடுப்பது எப்படி நல்லதாகும் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஐயாவிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு ஓர் ஆண்டு சுமந்தேன். கேட்டபோது இரண்டு நிமிடத்தில் தீர்த்தார். வளர்ச்சியைக் குறிக்கும் விருத்தி வேறு, இது வேறு; இது சுழல்வது, புரள்வது. சித்தத்தின் சுழற்சி அடங்குவது யோகம். பதஞ்சலி ஐந்து சுழற்சிகளைச் சொல்கிறார்: சரியான அறிவு, தவறான அறிவு, வெறும் சொல்லால் எழும் கற்பனை, உறக்கம், நினைவு. உறக்கமும் அதில் ஒன்று என்பதை அறிந்த நாளில், கண்ணை மூடி உட்கார்ந்து தூங்கிவிடுவதைத் தியானம் என்று நினைத்திருந்த என் காலைப் பொழுதுகளைத் திருத்திக்கொண்டேன். பிரத்யாகாரம் உணவுக் கட்டுப்பாடு இல்லை. புலன்களை உள்ளே இழுத்துக்கொள்வது. நியமங்களில் வரும் சந்தோஷம் குதூகலம் இல்லை. இருப்பது போதும் என்ற நிறைவு. இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்படியென்றால் என்னால் முடியும், தினமும் சிரித்த முகமாக இருக்கத்தான் முடியவில்லை" என்றார். எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்தது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பெயரையே வேதவாக்காக எடுத்துக்கொண்டால் அதுவும் தவறில் முடியும். வசிஷ்டாசனம், மரீச்யாசனம் எல்லாம் முனிவர்களின் பெயர்கள். உடம்பை எப்படி வைப்பது என்று அவை சொல்வதில்லை. தாடாசனம் யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் வழியில் மலை, அசையாமல் நிற்பது. பீகாரின் முங்கேரில் உள்ள யோகப் பள்ளியின் வழியில் பனை. கைகளை உயர்த்தி, குதிகாலைத் தூக்கி வளர்வது. பனையைத் தாலம் என்று சொல்லும் நமக்கு இரண்டாவது பொருத்தமாகத் தோன்றும். ஆனாலும் எந்த ஆசிரியரிடம் கற்கிறோமோ அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத்தான் நிற்க வேண்டும். ஓசை ஒற்றுமையை வைத்துப் புதுப்புதுப் பொருள் கட்டிச் சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வதுதான் மாணவருக்குச் செய்யும் மரியாதை. ஐயாவே அப்படிச் சொல்லி, அடுத்த வாரம் பார்த்து வைத்துச் சொன்ன பெயர்கள் என் நோட்டில் ஏழு இருக்கின்றன.

பொருள் தெரிந்தும் சொல்ல முடியாமல் போன சொல் ஒன்று உண்டு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் வகுப்பில் சேர்ந்தார். கணவர் இறந்து ஐந்து மாதம். மகள்தான் கட்டாயப்படுத்தி அனுப்பியிருந்தார். எல்லா ஆசனமும் செய்வார். கடைசியில் சவாசனம் என்று நான் சொன்னதும் படுப்பார்; ஒரு நிமிடம் ஆகும் முன் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் கண்மூடிக் கிடக்க, அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு உறைக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது ஒரு வடமொழிப் பெயர். தமிழ்ப் பெண்ணுக்கு அது சவம். கூடத்தின் நடுவில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்த உடலைச் சுற்றி அழுது முடித்து வந்தவரிடம், தினமும் காலையில் சவமாகப் படு என்று நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தமிழ் யோகப் புத்தகங்களில் இதற்குச் சாந்தி ஆசனம் என்ற பெயரும் உண்டு. அன்றிலிருந்து வகுப்பு முழுவதற்கும் அப்படியே சொன்னேன். கணவரைக் கூடத்தில் கிடத்திய நிலை நினைவுக்கு வராதபடி, அவரை ஒருக்களித்துப் படுக்கவும் சொன்னேன். மெல்ல மெல்ல அவர் ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று படுத்தார். துக்கத்தில் இருப்பவர் வகுப்பில் இருந்தால் ஆசிரியர்கள் இந்த ஒரு பெயரை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மூல நூல் கோபித்துக்கொள்ளாது.

ஓர் ஆண்டு கழித்து ஒரு மார்கழிக் காலையில், வகுப்பு முடியும் நேரம் அவரே கேட்டார். "டீச்சர், இதற்குப் பழைய பெயர் ஏன் அப்படி வைத்தார்கள்?"

ஹடயோகப் பிரதீபிகை சொல்வதைச் சொன்னேன். பிணம்போல் மல்லாந்து தரையில் கிடப்பது. அது களைப்பைப் போக்கும், மனத்துக்கு ஓய்வு தரும். எதையும் பிடித்துக்கொள்ளாமல் கிடப்பதற்கு அவர்களுக்கு அதைவிடச் சரியான உவமை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தவித்தேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவருக்கு நெற்றியில் ஒரு சுருக்கம் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். கடைசியில் கூடத்தில் கிடந்தபோது அது இல்லை, டீச்சர்" என்றார்.

பிறகு மல்லாந்து படுத்தார். குளிர் நாட்களில் எல்லோருக்கும் போர்வை போர்த்திவிடுவது என் வழக்கம். அவருக்கு மார்போடு நிறுத்தினேன். மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நான் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.